சுற்றுலாப் படத்தில் நமது கொழுந்துக் கூடை

(வட்டவளையில் நடந்த தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர்கள் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



"சம்பளத்தைப் பேசாமல் மாஸ்டர் ஏன் சுற்றுலாவைப் பேச வந்திருக்கிறார்?" என்று பின்னால் ஓர் அண்ணன் கேட்டது காதில் விழுந்தது. சம்பளத்தையும் பேசத்தான் போகிறேன் அண்ணே. ஆனால் அரசாங்கம் இன்று டொலருக்காக முதலில் திரும்பிப் பார்க்கும் தொழில்களில் சுற்றுலா ஒன்று. 2024ஆம் ஆண்டு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் இந்த நாட்டுக்கு வந்தார்கள். அவர்களால் வந்த வருமானம் 3 பில்லியன் டொலருக்கு மேல். அதே ஆண்டு தேயிலை ஏற்றுமதி கொண்டுவந்தது ஏறக்குறைய 1.4 பில்லியன் டொலர். சுற்றுலா நம்மை முந்திவிட்டது. அப்படி முந்திய தொழில் தன் விளம்பரத்தில் யாருடைய படத்தைப் போடுகிறது? கூடை சுமந்து சிரித்துக்கொண்டு நிற்கும் நம்முடைய பெண்ணின் படத்தை.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பட்டுச் சேலை, தலையில் பூ, பின்னால் நீல வானம். பட்டுச் சேலை கட்டிக் கொழுந்து எடுப்பவரை நீங்கள் எந்த மலையில் பார்த்தீர்கள்? இடுப்பில் படங்கு, காலில் அட்டைக்கடி, தலைக்கு மேல் வட்டவளை மழை. இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

இது இன்று தொடங்கியதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில், 1932இல், இலங்கைத் தேயிலைக்கு விளம்பரம் செய்யவென்றே ஒரு பிரசார சபை அமைத்தார்கள். 1937இல் அரசாங்கச் சுற்றுலாப் பணியகம் வந்தது. கப்பலில் கொழும்புக்கு வந்து இறங்குகிறவர்களைக் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் அழைத்துப்போவது அன்றைய வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு 1966இல் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை சட்டப்படி உருவானது. அந்த ஆண்டு நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 19 ஆயிரம் பேர்கூட இல்லை. அடுத்து 1967 முதல் 1976 வரைக்கும் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை ஓர் அமெரிக்க நிறுவனத்தைக் கொண்டு தயாரித்தார்கள். நாட்டை ஐந்து சுற்றுலா வலயங்களாகப் பிரித்தது அந்தத் திட்டம்: கொழும்பு, தென் கரை, கிழக்குக் கரை, பழைய தலைநகரங்கள், அடுத்தது மலைநாடு. முதல் திட்டத்திலேயே நம் மலை இருக்கிறது. ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் இங்கே லயத்தில் இருந்த பெரும்பாலானோருக்குப் பிரஜாவுரிமைகூட இல்லை. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி யார் போவது, யார் இருப்பது என்று நம் தாத்தா பாட்டிமார் கலங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. மலையைத் திட்டத்தில் சேர்த்தார்கள், மலையில் இருந்தவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டம். அது 2007இல் செயலுக்கு வந்தது. அதன் கீழ் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் கொடுப்பது, காணி, திட்டம் இவற்றைப் பார்ப்பது சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை. வெளிநாட்டில் விளம்பரம் செய்வது ஊக்குவிப்புப் பணியகம். பிள்ளைகளுக்குத் தொழில் பழக்குவது நாம் ஹோட்டல் பாடசாலை என்று சொல்கிற நிறுவகம். மாநாடுகளைக் கவனிப்பதற்கு இன்னொரு பணியகம். பதிவு செய்த ஹோட்டல்கள் தங்கள் வரவில் நூற்றுக்கு 1 வீதம் வரி கட்ட வேண்டும். விமான நிலையத்தில் அறவிடும் புறப்படுகை வரியிலும் மூன்றில் ஒரு பங்கு சுற்றுலா நிதிக்குப் போகிறது. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகிற நம் பெண்களும் அந்த விமான நிலையத்தால்தான் போகிறார்கள் என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

அந்த நிதியை எப்படிப் பிரிப்பது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. 70 வீதம் விளம்பரத்துக்கு. 14 வீதம் அதிகாரசபைக்கு. 12 வீதம் பயிற்சிக்கு. 4 வீதம் மாநாட்டுக்கு. பாதிக்கும் மேலே படம் காட்டுவதற்குப் போகிறது, பிள்ளைகளைப் பழக்குவதற்கு 12 வீதம். விளம்பரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018இல் லண்டனில் "சோ ஸ்ரீலங்கா" என்று ஒரு வாசகத்தை வெளியிட்டார்கள், 2023இல் ஏழு நாட்டவருக்கு இலவச விசா கொடுத்தார்கள். ஆட்கள் வருவதற்கு இவையெல்லாம் தேவைதான். ஆனால் படத்தில் இருக்கிறவளின் பிள்ளை இந்தத் தொழிலுக்குள் எந்த வாசலால் நுழைவது என்று அந்த 12 வீதத்தைப் பார்த்து நாம் கேட்கத்தான் வேண்டும். பண்டாரவளையிலும் கண்டியிலும் ஹோட்டல் பாடசாலைகள் இருக்கின்றன, இரண்டும் நமக்குத் தூரமில்லை. நம் தோட்டத்திலிருந்து அங்கே போய்ப் படித்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

சரி, இந்த மலையில் என்ன நடக்கிறது? கந்தப்பொலையில் மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள். 2005இல் காசல்ரீ, நோர்வூட் பக்கத்துத் துரைமார் பங்களாக்கள் உல்லாச விடுதிகள் ஆயின. பிறகு பல கம்பெனிகளும் அந்த வழியில் இறங்கின. இடிந்து விழ இருந்த கட்டடங்கள் பிழைத்தன, சிலருக்கு வேலையும் கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அப்போது மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபா. அதில் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்தால் கைக்கு வந்தது 31,050. கடைக் கணக்கும் மற்றக் கழிவுகளும் வேறு. அரைப்பேர் விழுகிற மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில பங்களாக்களில் ஒரு அறைக்கு ஒரு இரவு வாடகை நம்முடைய பல மாதச் சம்பளம். அந்த அறை ஜன்னலால் பார்க்கிற பச்சையை வெட்டிச் சீராக வைத்திருப்பது யார்? ஹோட்டல்காரன் புல் வெட்டத் தோட்டக்காரன் வைத்தால் சம்பளம் கொடுக்கிறான். இங்கே முழு மலையும் அவர்களுடைய பூந்தோட்டம், அதைப் பராமரிக்கிற சம்பளம் மட்டும் தேயிலைக் கணக்கில்.

பங்களாக்களில் வேலைக்குப் போகிற தம்பிமார் ஒன்றைக் கவனியுங்கள். தோட்டப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டு "கைக்காசு" வேலைக்குப் போகாதீர்கள். தற்காலிக ஆளாக இருந்தாலும் முதல் நாளிலிருந்து சேமலாப நிதி கட்டியாக வேண்டும். உங்களுடையது 8 வீதம், முதலாளியுடையது 12, நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3. பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் போடுவது வழக்கம். அது யார் யாருக்கு எப்படிப் பிரிகிறது என்று சேருகிற அன்றே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குத் தேயிலைச் சம்பள நிர்ணய சபை இருப்பது போல ஹோட்டல் தொழிலுக்கும் ஒன்று இருக்கிறது. ஹோட்டலுக்குப் போனதும் சங்கம் தேவையில்லை என்று நினைக்காதீர்கள்.

இனி காணி. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம் இதுதான். தென் பக்கத்தில், எல்ல பக்கத்தில், சாதாரணக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் ஒரு அறையைச் சுத்தம் பண்ணி, கழிப்பறை கட்டி, வெளிநாட்டவரைத் தங்க வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அதிகாரசபையில் பதிவு செய்யக் காணி உறுதியோ குத்தகை ஒப்பந்தமோ கேட்பார்கள். நாம் எதைக் காட்டுவது? லயத்துக் காம்பிராவுக்கு உறுதி உண்டா? தனி வீடு கிடைத்தவர்களிலும் 7 பேர்ச்சஸுக்குச் சட்டப்படியான உறுதி கையில் வைத்திருப்பவர் எத்தனை பேர்? 150 வருடத்துக்கு மேல் பார்த்துப் பராமரித்த மலையில் ஒரு விருந்தாளிக்குப் பாய் விரிக்கக்கூட நமக்கு உரிமை இல்லை.

அந்தக் காணி கம்பெனிக்குச் சொந்தமில்லை என்பதையும் மறக்காதீர்கள். 1970களில் அரசுடைமையாகி, 1992இல் 53 வருடக் குத்தகைக்குக் கம்பெனிகளுக்குப் போனது. குத்தகை முடிவது 2045இல். ஒவ்வொரு கம்பெனியிலும் "தங்கப் பங்கு" என்று ஒன்று திறைசேரிச் செயலாளரிடம் இருக்கிறது. காணியைக் கீழ்க்குத்தகைக்கு விடுவதென்றால் அந்தப் பங்குக்காரரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அப்படியானால் தோட்டக் காணியில் ஒரு பகுதி வேறொருவருக்கு ஹோட்டலுக்குப் போகும்போது அரசாங்கம் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போடும் மேசையில் நம்முடைய நிபந்தனையும் இருக்க வேண்டும்: முதலில் லயத்து மக்களுக்கு வீட்டுக் காணி, பிறகு மற்றது. பாணமையில் 2010இல் நடந்ததை அங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். காணியிலிருந்து சனங்களை விரட்டினார்கள், பிறகு அந்தக் கரையில் சுற்றுலா விடுதி எழுந்தது. மலையில் வேலி போட ஆள் வரும்வரைக்கும் நாம் பார்த்திருக்கக்கூடாது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நமக்கு இங்கிலீஷ் வராது, சுற்றுலா நமக்குச் சரிவராது" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இந்த நாட்டுக்கு அதிகம் பேர் வருவது எங்கிருந்து? இந்தியாவிலிருந்து. 2024இல் மட்டும் 4 இலட்சத்துக்கு மேல். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர் வந்து முதலில் கேட்பது சீதாஎலிய சீதையம்மன் கோயிலையும் இறம்பொடை ஆஞ்சநேயர் கோயிலையும். இராமாயணப் பாதை என்று அரசாங்கமே விளம்பரம் செய்கிறது. நம் பிள்ளையின் தாய்மொழியிலேயே வழிகாட்டலாம். இங்கிலீஷும் படிக்கத்தான் வேண்டும், நான் வகுப்பில் விடுவதில்லை. ஆனால் தமிழ் ஒரு குறையல்ல, கைமுதல். ஓர் இடத்துக்கு மட்டுமான வழிகாட்டி, ஒரு பிரதேசத்துக்கான வழிகாட்டி என்று அனுமதிப்பத்திரங்கள் இருக்கின்றன. அந்தப் பயிற்சியைத் தமிழில் ஹட்டனில் வைத்து நடத்து என்பது நம்முடைய இரண்டாவது கோரிக்கை.

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஸ்டேஷனால் போகிற பதுளை ரயிலுக்கு உலகத்தில் நல்ல பெயர். எல்லப் பயணத்துக்கான டிக்கெட்டுகளைக் கறுப்பு விலைக்கு விற்றதாக 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆட்களைப் பிடித்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிற நம் அம்மாவுக்கு நிற்கவும் இடமில்லை என்பதை அதோடு சேர்த்து ரயில்வேக்கு எழுதுவோம்.

ஆசிரியராக எனக்கு உறுத்துகிற விசயம் வேறு. ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாப் பக்கம் போனால் றோட்டு வளைவுகளில் பிள்ளைகள் பூக்கட்டோடு வானுக்குப் பின்னால் ஓடுகிறார்கள். இங்கேயும் சுற்றுலா வான் நின்றால் "ஸ்கூல் பென், ஸ்கூல் பென்" என்று கை நீட்டுகிறார்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் ஒரு பெட்டி பேனையோடு வந்தாள், கணக்குக் கொப்பி இல்லை. பிள்ளையைத் திட்டி என்ன பயன்? கை நீட்டினால் கிடைக்கிறது என்று பழக்கியது யார்? படம் எடுப்பவர்களுக்கும் சொல்லுவோம்: கேட்டு எடு, விளம்பரத்துக்கு எடுத்தால் கூலி கொடு. வேலை நேரத்தில் கங்காணி சொன்னதற்காகச் சேலை மாற்றிச் சிரிக்க வேண்டிய கட்டாயம் எந்தத் தாய்க்கும் இல்லை.

அதற்காகத் தேயிலையை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றுலாவுக்குப் போங்கள் என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். 2018இல் 23 இலட்சம் பேர் வந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா. 2021இல் 2 இலட்சம் பேர்கூட வரவில்லை. அந்த ஆண்டு சுற்றுலா வருமானம் அரை பில்லியன் டொலர், தேயிலை 1.3 பில்லியன். ஹோட்டல்கள் பூட்டிக் கிடந்தபோது நாம் முகக்கவசம் போட்டுக்கொண்டு கொழுந்து எடுத்தோம். தேயிலைதான் அடுப்பு எரிய வைக்கும், சுற்றுலா மேலதிகம்.

மூணாரில் நம்மைப் போலவே தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள், அது பெரிய சுற்றுலா ஊரும்கூட. அங்குள்ள கம்பெனியில் தொழிலாளர்கள் பங்குதாரர்கள். அப்படியிருந்தும் 2015இல் போனஸை 10 வீதமாகக் குறைத்தபோது பெண்கள் "பெம்பிளை ஒருமை" என்று திரண்டு மூணார் றோட்டில் உட்கார்ந்து 20 வீதம் வாங்கினார்கள். அது உல்லாசப் பயணிகள் போகிற றோட்டு என்பதால் முழு இந்தியாவும் திரும்பிப் பார்த்தது என்பது என் எண்ணம். அதே கேரளாவில் குமரகத்தில் பெண்கள் குழுக்கள் பயிரிட்ட மரக்கறியை ஹோட்டல்கள் வாங்கும்படி அரசாங்கமே நின்று ஏற்பாடு செய்தது. நம் லயத்துப் பின்பக்கத்துக் கோவாவையும் லீக்ஸையும் இங்குள்ள விடுதிகள் வாங்கினால் என்ன? மாதர் சங்கம் இதைக் கையில் எடுக்கலாம்.

சங்கம் அம்பகமுவ பிரதேச சபைக்கும் சுற்றுலா அதிகாரசபைக்கும் கொடுக்கப்போகிற மனுவில் வீட்டுக் காணி உறுதி, தமிழில் வழிகாட்டிப் பயிற்சி, விடுதி வேலைக்காரரின் சேமலாப நிதி, படக்கூலி நான்கும் இருக்கும். கையெழுத்துத் தாள் ஒவ்வொரு தோட்டத் தலைவரிடமும் இன்றே போகிறது, சம்பளத்தன்று திரும்பி வர வேண்டும். பங்களாவிலோ விடுதியிலோ வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர், சேமலாப நிதி இலக்கம் உள்ளவர் எத்தனை பேர் என்று ஒரு பெயர்ப்பட்டியலும் வேண்டும். ஹோட்டல் பாடசாலைக்குப் போக விரும்புகிற பிள்ளைகள், பெண் பிள்ளைகளும்தான், பெற்றோரோடு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள். பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் கொண்டுவந்தால் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன்.