கனவில் கால் ஓடாதது ஏன்?



கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய வட்டாரங்களின் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 'அமுக்குவான்' புதியவன் அல்லன். விடியுமுன் விழிப்பு வருகிறது. லயத்து வீட்டின் கூரை தெரிகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவைக் கூப்பிட வேண்டும், குரல் எழவில்லை. கைகால் அசையவில்லை. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற பாரம். மலாய்க்காரர்கள் இதனைத் 'தின்டே' என்பார்கள். பெயர்தான் வேறு, அச்சம் ஒன்றே.

இது பேயின் வேலையா? இல்லை. நம் உடலின் காவல் ஏற்பாடு இது.

கண்கள் விரைந்து அசையும் உறக்கநிலை ஒன்று உண்டு என்பதை 1953ஆம் ஆண்டில் சிக்காகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் ஆகியோர் வெளியிட்டனர். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையில்தான் வருகின்றன. அப்போது உடல் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பதை, 1959இல் பிரான்சில் மிஷேல் ஜுவே பூனைகளை ஆராய்ந்து விளக்கினார். இந்தப் பூட்டு இல்லையென்றால், கனவில் ஓடும்போது நாம் கட்டிலை விட்டே ஓடிவிடுவோம். கண்களும், மூச்சு விடும் உதரவிதானமும் இதற்கு விலக்கு. பூட்டுத் திறக்குமுன் மனம் விழித்துக்கொண்டால், அதுவே அமுக்குவான்.

இதற்கு நேர்மாறாக, கனவு கலையாமலே 'இது கனவு' என்று உணர்பவர்களும் உண்டு. ஆங்கே சில வேளை கால் சேற்றில் புதைந்ததுபோல் கனக்கலாம். பேச வாயெடுத்தால் ஓசை வராமல் போகலாம்.

1975ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஒரு வழி கண்டார். கைகால் பூட்டுண்டாலும் கண்கள் அசையுமே! ஆலன் வொர்ஸ்லி என்பவர், கனவை உணர்ந்ததும் முன்பே பேசிக்கொண்டபடி கண்களை இடமும் வலமும் அசைத்தார். கருவி அதனைப் பதிவு செய்தது. 2021இல் வெளியான ஆய்வில், உறங்கியவரிடம் 'எட்டில் ஆறு போனால் மீதி எவ்வளவு?' என்று கேட்டனர். கனவில் இருந்தபடியே அவர் கண்களை இரண்டு முறை அசைத்து விடை சொன்னார். வெளியோசை கனவுக்குள்ளும் புகும் என்பதற்கு இது சான்று.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? முதலாவது, போராடாதீர்கள். போராடப் போராட அச்சமே வளரும். 'இது கனவு, இதோ போய்விடும்' என்று மனத்துக்குள் சொல்லுங்கள். இரண்டாவது, நம் வசமுள்ளதைப் பயன்படுத்துங்கள். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், கண்களை உருட்டுங்கள், பிறகு ஒரு விரலை மட்டும் அசைக்க முயலுங்கள். மூன்றாவது, கனவுக்குள் கால் வராவிட்டால் கைகளைத் தேய்க்கலாம். நின்ற இடத்திலேயே சுழலலாம். கனவு கலையாமல் நீடிக்க அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் லாபெர்ஜ் கூறிய முறைகள் இவை. குரல் வராவிட்டால் கூவ வேண்டாம், முணுமுணுத்துப் பாருங்கள்.

வருமுன் காப்பதே மேல். உறக்கக் குறைவும், நேரம் மாறி மாறி உறங்குவதும், மல்லாந்து படுப்பதும் இதற்கு இடம் கொடுக்கும். அன்று பெரட்டுக்குப் போக இருட்டிலே எழுந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்க்கிறார்கள். அவர்களும் ஒருக்களித்துப் படுக்கட்டும். விடுமுறையிலும் இயன்றவரை ஒரே நேரத்தில் உறங்கட்டும். பகலில் அடக்க முடியாத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ, மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி, 'நேற்றிரவு என்னை அமுக்கியது' என்று நடுங்கிக்கொண்டு சொன்னால், பேய் பிடித்தவள் என்று ஊரறிய முத்திரை குத்திவிடாதீர்கள். அந்தச் சொல் அவள் உறக்கத்தை மேலும் கெடுக்கும். கோயிலில் திருநீறு பூசி ஆறுதல் தருவதில் தவறில்லை. அதோடு, அவள் தலையை வருடி, 'எத்தனை மணி நேரம் தூங்கினாய், அம்மா?' என்றும் கேளுங்கள். மருந்து பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.