செய்தி சேர்ந்ததா?



கல்லூரி திறந்த முதல் நாளில் அறிவிப்புப் பலகையின் முன் நின்று கால அட்டவணையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறீர்கள். ஒவ்வொரு மணிக்கும் பலகைவரை ஓட யாராலும் ஆகாது. அதற்காகவே இந்தப் படி. இரண்டாம் வாரத்தில் அலுவலகம் ஒரு வகுப்பை மாற்றினால் பலகை மாறிவிடும். உங்கள் குறிப்பேடு மாறாது. பழைய அறையில் காத்திருப்பவர், தாம் தவறியதை அறியாமலே காத்திருப்பார்.

கணிப்பொறி உலகிலும் இத்தொல்லை உண்டு. மூலத் தரவு ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் கேட்டால் அது திணறும். ஆதலின் அடிக்கடி வேண்டப்படுவனவற்றின் படிகளைப் பல பொறிகள் தத்தம் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். இதற்குக் கேஷ் என்று பெயர். 2003-இல் தோன்றிய மெம்கேஷ்டு, 2009-இல் தோன்றிய ரெடிஸ் ஆகிய மென்பொருள்கள் இத்துறையில் பெயர் பெற்றவை. படி எடுப்பது எளிது. மூலம் மாறிவிட்டது என்பதைப் படி வைத்திருப்போர் அனைவருக்கும் தெரிவிப்பதே கடினம்.

இக்கடினத்தை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் சேர்க்கைத் தளத்திற்கு நிரல் எழுதினேன். எத்துறையில் எத்தனை இடம் எஞ்சியுள்ளது என்பதை நான்கு சேவையகங்கள் காட்டின. ஒவ்வொன்றும் தன்னிடம் ஒரு படி வைத்திருந்தது. எண் மாறும்போது ரெடிஸ் செய்தி அனுப்பும். அதைக் கேட்டவுடன் படியை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மாலையில் நான்காம் சேவையகத்தின் இணைப்பு இரண்டு நிமிடம் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொண்டது. அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு துறையின் கடைசி இடமும் நிரம்பிவிட்டது. மூன்று சேவையகங்கள் ‘இடம் இல்லை’ என்றன. நான்காவதோ விடியும்வரை ‘ஓர் இடம் உண்டு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி, வேறொரு கல்லூரியில் கட்டணம் செலுத்தும் கடைசி நாளையும் கைவிட்டு, ஒரு தந்தையும் மகளும் இரவுப் பேருந்தேறி வந்துவிட்டார்கள்.

நடந்ததை அவரிடம் விளக்க முயன்றேன். “அப்படியானால், தான் பழையதைச் சொல்கிறோம் என்று அந்தப் பெட்டிக்கே தெரியாதா, ஐயா?” என்று கேட்டார். தெரியாதுதான். பதிவேட்டைப் புரட்டினேன், பிழை என்று அதில் ஒரு வரியும் இல்லை.

ரெடிஸ் செய்தி பரப்பும் முறை இந்த வானொலியைப் போன்றது. நான் இங்கே பேசுகிறேன். உங்கள் பெட்டி திறந்திருந்தால் கேட்கும். மூடியிருந்தால், உங்களுக்காக நான் மறுமுறை பேசப்போவதில்லை. நீங்கள் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. 2013-இல் வந்த 2.8 ஆம் பதிப்பு முதல், ஒரு தரவு மாறினாலும் அழிந்தாலும் காலாவதியானாலும் ரெடிஸ் செய்தி தரும். ஆனால் அந்த வசதியை நாம்தான் திறந்துவிட வேண்டும். பொறிக்குக் கூடுதல் வேலை ஆகும் என்று மூடியே வைத்திருக்கிறார்கள். காலாவதிச் செய்திகூடக் கெடு முடிந்த கணத்தில் வருவதன்று. ரெடிஸ் அத்தரவை உண்மையில் அழிக்கும்போதுதான் வரும். தரவு பல பொறிகளில் பங்கிடப்பட்டிருந்தால், ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ளதைப் பற்றி மட்டுமே பேசும். எல்லாவற்றிற்கும் காது கொடுக்க வேண்டியது கேட்பவர் கடமை.

2020-இல் வந்த ஆறாம் பதிப்பு மேலும் ஒரு வழி கண்டது. எத்தரவை யார் படித்தார் என்று ரெடிஸே பட்டியல் வைத்துக்கொள்ளும். தரவு மாறினால் அவருக்கு மட்டும் ‘உம்மிடம் உள்ள படி செல்லாது’ என்று சொல்லும். புதிய மதிப்பைச் சொல்லாது. வேண்டுவோர் வந்து கேட்க வேண்டும். பட்டியல் அளவுமீறிப் பெருத்தாலோ, மாறாத சில தரவுகளையும் மாறியனவாக அறிவித்துப் பட்டியலைச் சுருக்கிக்கொள்ளும். முதலில் படித்தபோது இது பொய்யுரை போல எனக்குப் பட்டது. பிறகு குறிப்பேட்டையும் பலகையையும் எண்ணிப் பார்த்தேன். வீணாக ஒருமுறை பலகைவரை நடந்தவனுக்குக் கால்வலியோடு போயிற்று. மாற்றத்தை அறியாதவனுக்கு வகுப்பே போய்விடும்.

செய்தி வராவிட்டால் மாற்றம் இல்லை என்று பொருள் கொண்டதே என் தவறு. செய்தி வராமைக்கு இரண்டு காரணம் இருக்கலாம் அல்லவா? ஆகவே, இணைப்பு அறுந்தால் கையிலுள்ள படிகள் அனைத்தையும் உடனே அழித்துவிடும்படி நிரலைத் திருத்தினேன். அறுந்த இணைப்பு சில வேளை அறுந்ததாகக் காட்டிக்கொள்ளாது. அதனால் செய்தி வரும் வழியிலேயே சில நொடிக்கொருமுறை ஒரு சிறு வினாவை அனுப்பி, விடை வருகிறதா என்று பார்க்கச் செய்தேன். இவ்விரண்டையும் ரெடிஸின் கையேடே அறிவுறுத்துகிறது. அப்பக்கத்தை நான் அவசரத்தில் தாண்டியிருந்தேன். இவை தவறினாலும் தீங்கு நீளாதபடி, எந்தப் படியும் ஐந்து நிமிடத்திற்கு மேல் வாழக்கூடாது என்று கெடு வைத்தேன். படியில் உள்ள எண் பத்துக்குக் குறைவாக இருந்தால், ‘இடம் உண்டு’ என்று சொல்லும் முன் தரவுத்தளத்தையே கேட்கச் செய்தேன்.

இத்தனையும் சேர்ந்து நாற்பது வரிகூட இராது. அவற்றை எழுதி முடித்த வாரத்தில் அந்தப் பெண் வேறொரு துறையில் சேர்ந்துவிட்டாள் என்று அறிந்தேன். அவள் கேட்டு வந்த துறை அதுவன்று.