வராதவர்களை எண்ணுங்கள்

  பட்டம் பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து. இன்றைக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பவர்கள் உங்களில் பலர். அந்தக் கூலியின் கனம் எனக்குத் தெரியும்.

நான் தேனிப் பக்கம் தேவாரத்துக்காரி. இந்த மலையடிவாரத்தில் பிறந்து, மதுரையில் மருத்துவம் படித்து, 32 ஆண்டுகள் அரசு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். "நாலு பேருக்கு நல்லது செய்ய நினைக்கிற பிள்ளைகள் என்ன வேலைக்குப் போகலாம் என்று பேசுங்கள்" என்றார் கல்லூரி முதல்வர். இத்தனை வருடத்தில் நான் கற்றது ஒன்றுதான். எந்த வேலைக்குப் போனாலும், உங்களிடம் வந்தவர்களை எண்ணி முடித்த பிறகு வராதவர்களை எண்ணுங்கள்.

இதை எனக்குக் கற்றுத்தந்தது கல்லூரி அல்ல, என் அம்மா.

அம்மா இளவயதில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்க மலையேறியவர். முழங்கால் தேய்ந்த பிறகு கீழே ஒரு கிட்டங்கியில் உலர்ந்த ஏலக்காயைத் தரம் பிரிக்கும் வேலைக்கு வந்தார். முறத்தில் கொட்டிய காயில் பருத்த பச்சைக்காய் ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். அம்மாவின் கை அதில் அத்தனை வேகமாக ஓடும்.

1982-இல் நான் மூன்றாம் ஆண்டு மாணவி. அப்போது தேனி மாவட்டம் கிடையாது, நாமெல்லாம் மதுரை மாவட்டம். போடி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மலை தெரியத் தெரிய ஊர் வந்துவிட்டது என்று துள்ளுவேன்.   

அந்த வருடம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாம் நடத்தினேன். நோட்டீஸ் அடித்தோம், ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னோம். 214 பேர் வந்தார்கள். அந்த எண் இன்னும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று மாலை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன்.

இரவு அம்மா சோறு போட்டார். குழம்புச் சட்டியை எடுக்க நீட்டிய கை சட்டிக்கு ஒரு சாண் தள்ளித் தடவியது. டார்ச் விளக்கை எடுத்து அம்மாவின் கண்ணில் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை படர்ந்திருந்தது.

"ஏம்மா முகாமுக்கு வரல?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு சரக்கு வந்துச்சு தாயி. ஒருநாள் போகலைன்னா மறுநாள் என் இடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும். அதுவுமில்லாம, கண்ணு தெரியலைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா வேலையே போயிருமே" என்றார்.

ஒரு வருடமாகக் காயை விரலால் தடவிப் பருமன் பார்த்திருக்கிறார். நிறத்தைப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார். புரை விழுந்த கண்ணுக்குப் பச்சை மங்கிப் பழுப்பாகத் தெரியும். அதனால் பிரிப்பில் தப்பு வந்து கூலியும் பிடித்திருக்கிறார்கள். முகாமுக்கு வந்த 214 பேரைப் பார்த்த எனக்கு, இரண்டு தெரு தள்ளி முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவைத் தெரியவில்லை. என் முகாம் அவருக்கு ஆபத்தாகவே இருந்திருக்கிறது. வந்தால் வேலை போய்விடும்.

அந்தத் தீபாவளிக்கு முன் மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது அப்போது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத காரியம். சோடாபுட்டிக் கண்ணாடிதான் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு முறத்தைப் பார்த்த அம்மா, "காய் இம்புட்டுப் பச்சையாவா இருந்துச்சு?" என்றார்.

பிள்ளைகளே, இது என் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. ஊருக்கே வந்து இலவசமாகக் கண் முகாம் நடத்துகிறார்கள், கண்ணில் குறை உள்ளவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஏழு பேர்கூட வரவில்லை. முகாமில் கூட்டம் அலைமோதியிருக்கும், புகைப்படமும் நன்றாக வந்திருக்கும். ஆனால் நூற்றில் 93 பேர் வீட்டில் இருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சும்மா இருந்துவிடாதவர்கள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் முகாம் போதாது, எப்போதும் திறந்திருக்கும் சின்னக் கண் மையம் ஊர்ப்பக்கமே வேண்டும் என்று 2004 முதல் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அதைச் செய்து பார்த்த இடம் எது தெரியுமா? நம் தேனி வட்டாரம். அம்பாசமுத்திரம், போடி போன்ற ஊர்களில் மையங்கள். மையத்தில் மருத்துவர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதிப்பார், அரவிந்தின் தேனி மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியிடம் பேசுவார். நல்ல இணைய வசதி இல்லாத காலம் அது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் வந்து, வீட்டுக்குள் எட்டும் வைஃபையைக் கோபுரத்தில் ஏற்றிப் பல கிலோமீட்டர் தாண்டிப் போகவைத்தார்கள். உங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் கவனியுங்கள். அவர்கள் யாரும் மருத்துவர் இல்லை. தங்களுக்குத் தெரிந்த வித்தையைக் கொண்டுவந்தார்கள்.

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் வாழ்க்கையையும் படித்துப் பாருங்கள். உறவுப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின, அந்த ஆசை முடிந்தது. கண் மருத்துவம் படித்தார். அந்தக் கோணல் விரலால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சை செய்தார். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-இல், 11 படுக்கையோடு மதுரையில் மருத்துவமனையைத் தொடங்கினார். வெளிநாட்டில் 100 டாலருக்கு மேல் விற்ற கண் லென்ஸை 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் அவர்களே செய்யத் தொடங்கி, விலையைச் சுமார் 10 டாலருக்கு இறக்கினார்கள். என் அம்மாவுக்குக் கிடைக்காத லென்ஸ், பத்து வருடம் கழித்து மற்ற அம்மாக்களுக்குக் கிடைத்தது.

இதிலிருந்து உங்களுக்கு மூன்று சொல்கிறேன்.

முதலாவது, ஒரு வித்தையைக் கை பழகும்வரை கற்றுக்கொள்ளுங்கள். நல்ல மனசோடு மட்டும் கத்தியைப் பிடித்தால் கண் போய்விடும். கணக்கோ கணினியோ ஆசிரியத் தொழிலோ, முதல் நான்கைந்து வருடம் அதில் தேறுங்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில் வெட்கம் இல்லை. டாக்டர் வெங்கடசாமி 58 வயதில் கட்டியது அதுவரை கற்றதை வைத்துத்தான்.

இரண்டாவது, பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சேவை என்று எண்ணாதீர்கள். அரவிந்தில் பெரும்பகுதி வேலையைச் சுமப்பவர்கள் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு வருடப் பயிற்சியில் தேர்ந்தவர்கள். மருத்துவர் அறுவைச் சிகிச்சையில் மட்டும் முழுக் கவனம் வைக்க முடிவது அவர்களால்தான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுப்பவர்களும் அந்தந்த ஊர்ப் பெண்களே.

மூன்றாவதுதான் முக்கியம். உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். 1895 முதல் பெரியாறு அணைத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் பாய்கிறது. பதினெட்டாம் கால்வாய் தேவாரம் பக்கம் வருகிறது. தலைமதகில் தண்ணீர் திறக்கும்போது மாலை, பூ, கூட்டம் எல்லாம் உண்டு. ஆனால் விவரம் தெரிந்த சம்சாரி தலைமதகை வைத்துக் கணக்குப் பார்க்க மாட்டார், கடைமடை வயல் நனைந்ததா என்றுதான் கேட்பார். நீங்கள் செய்யும் எந்த நல்ல காரியத்தையும் அந்தக் கண்ணால் பாருங்கள்.

இதே ஊரில் பாருங்கள். விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலைக்குக் கிளம்பிவிடும். அவர்கள் இறங்கிவரும்போது சாயங்காலம். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் நேரத்தில் அவர்கள் ஏலச்செடிக்கு நடுவே நிற்கிறார்கள். மருந்தடிக்கிறவருக்குக் கையுறை உண்டா, அரிப்பும் மயக்கமும் வந்தால் யாரிடம் சொல்கிறார்? வேலையில் இருந்தபோது ஓர் ஊரில் வாரம் ஒருநாள் மாலை ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தேன். பகலில் நான் ஒருமுறைகூடப் பார்த்திராத முகங்கள் வந்தன. புது மருந்தோ புதுக் கட்டடமோ தேவைப்படவில்லை, நேரத்தை மாற்றினேன், அவ்வளவுதான்.

வருடத்துக்கு 50 வாரம், வாரத்துக்கு 40 மணி நேரம், 40 வருடம். பெருக்கினால் 80,000 மணி நேரம். உங்கள் கையில் இருப்பது அது. அதில் கொஞ்சத்தை, 'யார் இங்கே இல்லை, ஏன் இல்லை' என்று கேட்பதற்கு ஒதுக்குங்கள். கேட்டால் மட்டும் போதாது, அவர்கள் வாசலுக்குப் போய் நில்லுங்கள். என் அம்மாவிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதை முகாமுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வேலையை நாளைக்கு என்று வைக்க வேண்டாம். முதலாண்டில் உங்களோடு சேர்ந்த எல்லோரும் இன்று இந்த அங்கியில் இருக்கிறார்களா? பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டில் கல்யாணம் ஆகியிருக்கும். அப்பா விழுந்துவிட்டார் என்று ஒரு பையன் மலைக்கு வேலைக்குப் போயிருப்பான். அந்தப் பெயர்களெல்லாம் உங்கள் வகுப்பின் பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கின்றன. வீட்டுக்குப் போனதும் அவர்களில் ஒருவரைப் போனில் கூப்பிடுங்கள். "எங்க இருக்க, ஏன் வரல?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இருங்கள்.

உங்கள் பட்டத்தின் முதல் வேலை அதுவாக இருக்கட்டும்.