வீழ்ச்சியில் ஏற்றத்தாழ்வு இல்லை



கல்லையும் இலையையும் ஒருங்கே கைவிட்டால் கல்லே முதலில் நிலந்தொடும். இத்தகைய காட்சிகளைக் கண்ட கிரேக்க அறிஞர் அரிசுட்டாட்டில், எடை மிக்க பொருளே விரைந்து விழும் என்று முடிவு கட்டினார். பேரறிஞர் சொல் என்பதனாலேயே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் பலரும் அதற்குத் தலைவணங்கினர். ஐயுற்றோர் சிலரே.

இத்தாலியராகிய கலிலியோ ஐயுற்றதோடு நில்லாது ஆய்ந்தும் பார்த்தார். நேரே விழும் பொருளின் விரைவை அளத்தல் அரிது. ஆதலின், சாய்பலகையில் குண்டை உருட்டி, ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தைக் கணித்தார். இலையைப் பிந்தச் செய்வது எடைக்குறைவன்று, காற்றின் தடையே என்று தெளிந்தார். காற்றற்ற வெளியில் எல்லாப் பொருளும் ஒரே விரைவில் விழும் என்னும் கருத்தை 1638இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார்.

அதனை மக்கள் கண்ணாரக் காணும் வாய்ப்பு 1971இல் வந்தது. அப்பல்லோ 15 விண்கலத்தில் நிலாவுக்குச் சென்ற அமெரிக்கர் தாவீது இசுகாட்டு, ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் வல்லூற்றின் இறகும் ஏந்தி, இரண்டையும் ஒருசேர விட்டார். அங்கே காற்றில்லை. இரண்டும் ஒருங்கே தரை தொட்டன!

ஏன்? சுத்தியலை நிலா மிகுதியாக ஈர்ப்பது மெய்யே. ஆயின், நிறை மிக்க பொருள் தன் நிலையினின்று மாறுவதற்கு அவ்வளவிற்கே முரண்டும். ஈர்ப்புப் பத்து மடங்காயின் முரண்டும் பத்து மடங்கு. எனவே முடுக்கம் ஒன்றே.

பழம்பிழை தொலைந்தது. புதுப்பிழை ஒன்று இன்று உலவுகின்றது. விண்வெளி நிலையத்தில் மாந்தர் மிதப்பதைப் படத்திற் கண்டு, அங்கே புவியீர்ப்பு இல்லை என்கின்றனர். நிலையம் சுற்றுவதோ ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில். தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு அங்கும் உண்டு. ஈர்ப்பே இல்லையாயின் நிலையம் நேர்க்கோட்டில் ஓடி மறைந்திருக்கும்.

அது நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுகின்றது. அந்நொடியிலேயே நான்கு மீட்டருக்குச் சற்று மிகுதியாகப் புவியை நோக்கி விழுகின்றது. உருண்டையான புவியும் அதே அளவு வளைந்து விலகுவதால் தரையைத் தொடுவதில்லை. நிலையமும் மாந்தரும் அவர்தம் எழுதுகோலும் ஒன்றுபோல் விழுகின்றமையின், ஒன்று மற்றொன்றின்மேல் அழுந்துவதில்லை. மிதப்பு என்பது அதுவே. சுத்தியலுக்கும் இறகுக்கும் உரிய நெறியே அங்கும் ஆள்கின்றது.

பிள்ளைகளை இந்நெறியை ஒப்புவிக்கச் செய்தல் எளிது, அதனாற் பயனில்லை. ஒரு சுவடியையும் அதனினும் சிறிய தாளொன்றையும் கொடுங்கள். தனித்தனியே விட்டால் தாள் பிந்தும். தாளைச் சுவடியின்மேல் வைத்து விட்டால், காற்றைச் சுவடி தடுக்க, தாளும் உடன் விழும். தானே கண்டு தெளிந்த பிள்ளை, சொன்னவர் பெரியவர் என்பதற்காக மட்டும் எதற்கும் தலைவணங்காது.