கைக்கு வந்த புத்தகம்

(வெதுருகுப்பத்தில் நடந்த குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரை)

"கேட்ட கோர்ஸ் கிடைக்கலே, மாமா" என்று இன்று காலை ஒரு பையன் என்னிடம் வருத்தப்பட்டான். அவனுக்காகவே இதைச் சொல்கிறேன்.

1888-இல் திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், நமக்குப் பக்கத்தில் உள்ள திருப்பதியில்தான் பள்ளியில் படித்தார். வசதியில்லாத குடும்பம், ஸ்காலர்ஷிப்பில் படிப்பு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் எடுத்ததற்குக் காரணம் லட்சியமல்ல. அங்கே படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், அவ்வளவுதான். ஆனால் கைக்கு வந்ததை அரைமனதாகப் படிக்கவில்லை. 1908-இல் எம்.ஏ.வுக்கு வேதாந்தத்தின் அறநெறி பற்றி ஆய்வுரை எழுதினார். 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர். 1962-இல் குடியரசுத் தலைவர்.

நான் நேர் எதிர். இன்ஜினீயரிங் கிடைக்காமல் பி.காம். சேர்ந்து, மூன்று வருஷமும் புலம்பினேன். வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒருநாள் அப்பா, "கணக்கு உனக்கு வரலையா, இல்லே நீதான் அதுகிட்டப் போகலையா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் முதல் விடியற்காலையில் ஒரு மணி நேரம் படித்தேன். மெல்ல மெல்ல வேலை பிடித்துப்போயிற்று. ஆனால் புலம்பலில் போன வருஷங்கள் போனவைதான்.

கிடைத்ததை ஒரு வருஷமாவது முழுமனதோடு செய்து பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள், தவறில்லை. வெறுத்துக்கொண்டே மட்டும் உட்கார்ந்திருக்காதீர்கள்.