ஒளியால் அளந்த ஆலயம்
(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இந்து வாலிபர் கூடிய சபையிலே கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றைப் பற்றிப் பேச முற்பட்டது ஏன் எனச் சிலர் வினவலாம். மிஷன் பாடசாலையிற் கற்ற வாசனை என்று நகைக்கவுங் கூடும். பழம்பெருங் கட்டிடம் எச்சமயத்தாருடையதாயினும் அதன் அழிவு எல்லோர்க்கும் நட்டமே என்பதுதான் எமது விடை.

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆந் திகதி பாரிஸ் நகரத்து நோத்ர டாம் தேவாலயம் தீப்பற்றியது. ஓக் மரத்தாலான பழங்கூரையும் ஊசிக் கோபுரமும் வீழ்ந்தன. ஆனால், 2010 ஆம் ஆண்டிலேயே அன்ட்ரூ டாலன் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர் அவ்வாலயத்தை லேசர் ஒளியால் அளந்து வைத்திருந்தார். தம் உழைப்பு இத்துணைப் பயன்படும் என்பதை அறியாமலே அவர் 2018 நவம்பரிற் காலமானார். சகபாடிகள் பேணி வைத்த அவ்வளவுகள் புனரமைப்புக்கு உதவின. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டுந் திறக்கப்பட்டது.

ஒளியால் அளப்பது எவ்வாறு? கருவி லேசர்க் கதிரைச் சுவர்மீது செலுத்தி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றது. ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கினால், அதில் ஒரு கூற்றில் ஒளி ஏறத்தாழ ஓரடி செல்லும். அப்படியாயின், மில்லிமீற்றர்க் கணக்கில் அளப்பதற்கு எத்துணை நுண்ணிய கடிகாரம் வேண்டும்! டாலன் 50 க்கு மேற்பட்ட இடங்களிற் கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைத் திரட்டினார்.

எனினும் குறைகள் உள. கதிருக்கு நேரே தெரியாதது அளவில் அகப்படாது. கூரையின் மரச்சட்டங்களை மீள அமைப்பதற்கு, 2014 இல் இரு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் கையால் அளந்து வரைந்த படங்களும் பெருந்துணையாயின. இன்று கையிற் கொண்டு நடக்கும் கருவிகளும் ட்ரோனிற் பொருத்திப் பறக்க விடுங் கருவிகளும் வந்துள்ளன. ஒரே இடத்தில் நிறுத்தி அளக்குங் கருவியின் திருத்தம் பொதுவாக அவற்றுக்கு இன்னும் வாய்க்கவில்லை. அது வாய்க்க வேண்டும். லேசர் வடிவத்தைத் தரும், நிறத்தைத் தராது. ஆதலால் ஒளிப்படத்துடன் அதனை இணைக்கும் முறை செம்மையுற வேண்டும். எப்புள்ளி கல்லுக்குரியது, எப்புள்ளி மரத்துக்குரியது எனக் கணினி பிழையின்றிப் பிரித்தறிய வேண்டும்.

இவையனைத்தினும் மேலாக, அளந்ததைக் காக்கும் வழி திருந்த வேண்டும். இங்கிலாந்தில் 1086 இல் வில்லியம் மன்னன் எழுதுவித்த டூம்ஸ்டே நிலப்பதிவேட்டை இன்றும் வாசிக்கலாம். அதன் 900 ஆம் ஆண்டு நினைவாக, 1986 இல் பி.பி.சி. நிறுவனம் நாட்டின் புதிய விபரங்களை லேசர்த் தட்டுகளிற் பதிந்தது. இருபது ஆண்டு செல்லுமுன்பே அவற்றை வாசிக்கும் பொறிகள் அருகிப்போயின. நிபுணர்கள் அரும்பாடுபட்டே விபரங்களை மீட்டனர். தோலில் எழுதியது நின்றது. தட்டிற் பதிந்தது தடுமாறியது. புதிய கருவி வாங்குவார் பலர். பழைய பதிவைக் காலந்தோறும் புதிய வடிவுக்கு மாற்றி வைப்பார் சிலர்.

இளைஞர்களே! உங்களிற் பலர் நில அளவையும் பொறியியலுங் கற்கப் போகின்றீர்கள். அளந்தவர் மறைந்தார், கூரை எரிந்தது, ஆயினும் அளவு நின்றது. அதனைத் திறந்து வாசிக்க வல்லவர் இருந்தமையாலன்றோ அது பயன்பட்டது? அளக்கக் கற்பதோடு காக்கவுங் கற்போமாக.