பிள்ளைகளின் நாவில் கவிதை தவழட்டும்

(ஜமாஅத் ஆண்டு விழாவில், ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அமர்வில் ஆற்றிய உரை)

 

தமிழ்ப் பாடநூலில் செய்யுள் பகுதி வந்தவுடன் பிள்ளைகளின் முகம் வாடுவதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். சொற்பொருள், இலக்கணக் குறிப்பு, மனப்பாடம், மதிப்பெண் என்னும் வரிசையிலேயே கவிதை அவர்களை வந்தடைகிறது. தேர்வு முடிந்ததும் அது மறந்தும் போகிறது. தாலாட்டைக் கேட்டு உறங்கிய குழந்தை, பத்து வயதில் பாட்டைக் கண்டு அஞ்சலாமா?

கவிதை நமக்கு அயலார் வீட்டுச் செல்வம் அன்று. நம் தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் வாழ்ந்து, அங்கேயே அடக்கமாகியிருக்கிறார் உமறுப் புலவர். அண்ணல் நபியவர்களின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகத் தந்த அப்பெருமகனுக்குத் தமிழ் கற்பித்தவர், எட்டயபுரம் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவர். ஆசிரியரின் சமயம் வேறு, மாணவரின் சமயம் வேறு. தமிழின் சுவை இருவருக்கும் பொதுவாக இருந்தது. ஆசிரியர் தாம் சுவைத்ததையே மாணவருக்கு ஊட்ட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அங்கே அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. காப்பிய மரபைப் பின்பற்றிய புலவர், தம் மண்ணின் வளத்தைக் கொண்டே தாம் காணாத நாட்டைப் பாடினார். நம் பிள்ளைகளுக்கும் இதுவே வழி. 'தாய்நாடு', 'ஒற்றுமை' என்று பெரிய தலைப்புகளைக் கொடுத்தால், அவர்கள் கேட்ட சொற்களையே திருப்பி எழுதுவார்கள். தாமிரபரணிக் கரையையும், வாழைத் தோட்டத்தையும், பனைமரத்தையும், நம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் புதைந்து கிடந்த முதுமக்கள் தாழியையும் காட்டி, "நீ கண்டதைச் சொல்" என்றால், அவர்களுக்கே உரிய சொற்கள் பிறக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்குச் சில வேண்டுகோள்கள். நாள்தோறும் ஐந்து நிமிடம் ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முடிவில் கேள்வி கேளாதீர்கள். சந்தத்திற்கு ஏற்பப் பிள்ளைகள் கைதட்டட்டும். பொருள் பின்னால் தானே வரும். ஆசிரியராகப் பணியாற்றிய கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும், வங்கியில் பணியாற்றிக்கொண்டே பாடிய குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் எளிய சொற்களில் பாட்டு விருந்து வைத்துச் சென்றிருக்கிறார்கள்.

எழுதுவதற்கு மூன்று வரிகள் போதும். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் குறுங்கவிதையைத் தமிழருக்கு அறிமுகம் செய்தார். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான் அவ்வடிவத்தைத் தமிழில் வளர்த்தவர்களுள் ஒருவர். பிள்ளைகள் எழுதும்போது ஆசிரியரும் உடன் அமர்ந்து எழுதட்டும். எழுத்துப் பிழையை மறுநாள் திருத்தலாம். முதல் நாளில், நல்ல சொல் ஒன்றைக் கண்டெடுத்துப் பாராட்டுங்கள். சிவப்பு மையை முதலில் கண்ட பிள்ளை மீண்டும் எழுதத் தயங்கும்.

பெற்றோர்களே! மூத்த தாய்மார்களின் தாலாட்டுகள் அவர்களோடு மறைந்து வருகின்றன. பிள்ளைகள் அவற்றைக் கேட்டு எழுதட்டும். அவர்களே எழுதிய கவிதைகளையும் சேர்த்து மாதம் ஒரு கையெழுத்து இதழ் உருவாக்கலாம். அதற்கு ஒரு நோட்டும், கேட்கப் பொறுமையுள்ள பெரியவர் ஒருவரும் போதும்.

எல்லோரும் புலவராக வேண்டியதில்லை. தன் மனத்தில் உள்ளதைத் தன் மொழியில் அழகுறச் சொல்லத் தெரிந்த பிள்ளை, எந்தச் சபையிலும் தலை குனியாது. அந்நற்பேற்றை நம் செல்வங்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.